மஞ்சப்பாறைக் கன்று

சத்தியம் தம்பி, சத்தியம்! இப்போது நான் சொல்லப் போவதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும், இந்தப் பாலம் இடிந்து பஸ்ஸோடு தாமிரபரணியில் விழட்டும்! ஏன் ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறீர்கள்? பாலம் விழாது. விழவில்லை பார்த்தீர்களா, அதுதான் நான் சொல்வது நிசம் என்பதற்கு முதல் சாட்சி. முன்னால் ஏதோ லாரி அச்சு முறிந்து நிற்கிறதாம். கண்டக்டரே இறங்கி பீடி பற்ற வைத்துவிட்டான். உங்களுக்குத் திருச்செந்தூரில் சாமி. எனக்குத் திருச்செந்தூரில் ஒரு கல்யாணம். சாமி எங்கேயும் போகாது, கல்யாணமும் நாளைக் காலையில்தான்.

எந்த ஊர் நீங்கள்? திருவையாறா? காவிரிக்கரை! அங்கேயும் வாழைதானே? கொல்லையில் வைத்திருக்கிறீர்களா? நல்லது, நல்லது. அப்படியானால் உங்களுக்குச் சொன்னால் புரியும்.

காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். அந்தச் சாக்கில் மிதி படக்கூடாது. உள்ளே என்னவா? வருகிறேன், வருகிறேன். முதலில் சிவனணைஞ்சானைச் சொல்ல வேண்டும்.

சிவனணைஞ்சான் என் பெண்டாட்டி செண்பகவடிவுக்குத் தம்பி. எனக்கு மச்சினன். நெடுங்கரையில் என் தோட்டத்துக்கும் அவன் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான் உண்டு. பெயரைக் கேட்டால் பழுத்த சிவபக்தன் என்று தோன்றும். ஆளைப் பார்த்தாலும் அப்படித்தான். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய அத்தான், அத்தான். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், "தங்கமான மனுசன்லா" என்பார்கள். அத்தனை பேரையும் மயக்கி வைத்திருக்கிறான். நான் ஒருவன்தான் மயங்கவில்லை.

அவன் எனக்குச் செய்த முதல் துரோகம் என் கல்யாணத்தன்றைக்கு.

எங்கள் பக்கம் வாசலில் வாழை கட்டுவது பெண் வீட்டார் பொறுப்பு. என் மாமனார் அந்த வேலையை இவனிடம் விட்டிருந்தார். அப்போது மீசை முளைக்காத பயல். நான் மாப்பிள்ளைக் கோலத்தில் இறங்குகிறேன், நாயனம் ஊதுகிறான், பெண்டுகள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள், நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறேன். தம்பி, இரண்டு மரத்திலும் குலை இல்லை! பூ இல்லை, காய் இல்லை. மாட்டுக்கு வெட்டிப் போட வைத்திருந்த மாதிரி வெறும் தண்டும் இலையும். கேட்டதற்கு, "நேத்து அடிச்ச காத்துல குலை மரம் அம்புட்டும் சாஞ்சு போச்சு அத்தான்" என்று கண்ணைக் கசக்கினான். காற்றாம். ஊரெல்லாம் அடித்த காற்றுதான், இல்லை என்று சொல்லவில்லை. என் வீட்டுக் கூரைகூடப் போயிற்று. ஆனாலும் வேண்டுமென்று செய்தான். எனக்குத் தெரியும்.

குலையில்லாத வாழைக்கு நடுவே நுழைந்து தாலி கட்டியவன் நான். அதற்கப்புறம் எங்கள் வீட்டு உத்தரத்தில் தொட்டில் கட்டவே இல்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. உங்களிடமும் பேசவில்லை.

ஆனால் அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். இந்த ஆற்றங்கரையில் இனி எந்தக் கல்யாண வாசலிலும் மொட்டை வாழை நிற்கக்கூடாது. எந்த ஊர், எந்தச் சாதி, ஏழையா பணக்காரனா, எதுவும் பார்க்க மாட்டேன். கல்யாணம் என்று வந்து சொன்னால் போதும், என் தோட்டத்திலிருந்து இரண்டு மரம் இனாம். அதுவும் மற்றவர்கள் மாதிரி அரிவாளை வீசி அடியில் வெட்டித் தர மாட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிற மரத்தைக் கழுத்தறுக்கலாமா? கிழங்கோடு தோண்டி, வேர் மண் உதிராமல், பக்கத்தில் ஒட்டியிருக்கிற கன்றோடு சேர்த்துச் சாக்கில் கட்டித் தருவேன். மரம் வாசலில் நிற்கும். கல்யாணம் முடிந்ததும் அந்தக் கன்றைப் புதுப்பெண் தன் கையால் அடுப்படிக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் நடுவாள். முதல் பிள்ளைக்குப் பேர் வைக்கிறதற்குள் முதல் குலை வந்துவிடும். இது நான் உண்டாக்கிய வழக்கம். இப்போது ஆற்றின் இரு கரையிலும் யாரைக் கேட்டாலும் ஏதோ பாண்டிய ராசா காலத்து வழக்கம் என்பார்கள்.

என் வாழை என்றால் சாதாரண வாழை இல்லை. நீங்கள் ரஸ்தாளி என்பீர்களே, அதை நாங்கள் கோழிக்கூடு என்போம். என் தோட்டத்துக் குலை ஒன்றை வண்டியில் பின்பாரமாக வைத்தால், முன்னால் பூட்டிய மாடு இரண்டும் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்தரத்தில் நடக்கும். சிரிக்காதீர்கள். பயிர்க்கடன் விஷயமாகப் பார்க்க வந்த ஆபீசர் ஒருவர் ஒரே ஒரு பழம் தின்றுவிட்டு, வந்த காரியத்தை மறந்து, காரை மறந்து, பெண்டாட்டி பெயரை மறந்து, எங்கள் களத்து மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மாமனார் வந்துதான் கூட்டிப் போனார்.

அப்பேர்ப்பட்ட வாழை என்பதால்தான் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கோயில் வாசலில் கட்டுவதும் என் வாழை என்று ஆயிற்று. சாமிக்குத் தீபாராதனை காட்டினதும் முதல் திருநீறு யாருக்கு? வாசல் வாழை தந்தவனுக்கு. பிள்ளை இல்லாதவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிற ஊர், அந்த ஒரு நிமிசம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். அதற்காகத்தான் தம்பி இந்தப் பாடெல்லாம். அது இருக்கிறவரை எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

எல்லா வாசலுக்கும் தந்தேன். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் தரவில்லை. எந்த வீடு என்று கேட்கவே வேண்டாம். அவன் கல்யாணத்துக்குத் தரவில்லை, அவன் மகள் சடங்குக்குத் தரவில்லை. ஒரு கன்று, ஒரு கை மண் என் பக்கமிருந்து வாய்க்காலைத் தாண்டிப் போனதில்லை. செண்பகவடிவு அழுது பார்த்தாள். "எந் தம்பி வீட்டு வாசல் என்ன பாவம் செஞ்சுது?" என்பாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

இனி மஞ்சப்பாறைக்கு வருகிறேன்.

மஞ்சப்பாறை மேற்கே, மலை மேல். அங்கே எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், நானும் அவனும் போனோம். அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு கோழிக்கூடு நின்றது. ஐயோ தம்பி, பழத்தை உரித்தால் வாசனை அடுத்த மலைக்குப் போய்த் திரும்பி வரும். ஈ உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராமல் அங்கேயே ஆயுளை முடிக்கும். ஒரு கன்று கேட்கலாம் என்று நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இவன் போய்த் தேன் சொட்டப் பேசி ஒரு கன்று வாங்கிவிட்டான். ஒன்றுதான் தருவார்களாம். எனக்குக் கிடையாதாம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தக் கன்றைத் தண்டு நறுக்கி வெறும் கிழங்காகச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டான். இதோ இந்த மாதிரியே. அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். இவன் வாயைப் பிளந்து தூங்குகிறான். ரோட்டோரத்தில் சேனைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நல்ல உருண்டைக் கிழங்காகப் பார்த்து ஒன்று வாங்கினேன். அப்புறம் என்ன? அவன் சாக்கில் சேனை, என் பையில் கன்று!

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம்.

அவன் அதைக் கொண்டுபோய், சாக்கு அவிழ்க்காமல் ஈரம் காட்டி வைத்திருந்து, நல்ல நாள் பார்த்து, வீட்டுக்காரி இருட்டோடு இருட்டாக நட்டுக் கொடுக்க, சுற்றி வேலி போட்டுச் சூடம் காட்டி, மாலையும் போட்டான். ஊரையே கூப்பிட்டு, "மலைக் கோழிக்கூடு, இன்னும் ஒரு வருசத்துல பாருங்க" என்றான். முளைத்தது பார்த்தீர்களா, பாம்புத் தோல் மாதிரி தண்டும் குடை மாதிரி இலையும்! ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சேனை சிவனணைஞ்சான் என்று பெயரே வந்துவிட்டது. யார் மாற்றினார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. மலைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

என் கன்றா? மேற்கு மூலையில், பம்புசெட்டுக்குப் பின்னால் வைத்தேன். செண்பகவடிவு ஒருத்திதான் பார்த்தாள். "இது ஏதுங்க?" என்றாள். "வானத்துலேர்ந்து விழுந்துச்சு" என்றேன். கிளம்பின வேகம் என்ன, தள்ளின குலை என்ன! ஒரே ஒரு குலை. அதோடு அடியில் வெடித்துச் சாய்ந்துவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் கண் பட்டிருக்கும். போகட்டும், அதற்குள் பக்கக் கன்றுகள் நிறைய வந்துவிட்டன. அவற்றைப் பிரித்துத் தோட்டம் முழுக்க வைத்தேன். அதற்கப்புறம் கல்யாணங்களுக்குப் போனதெல்லாம் அந்த வம்சம்தான். பலவேசம் கோழிக்கூடு என்று என் பெயரிலேயே ஆற்றங்கரை முழுக்க ஓடிற்று.

சில வருசம் கழித்துத்தான் அந்தச் சனியன் வந்தது. முதலில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளித்தது. உரம் வைத்தேன். மஞ்சள் உள்ளே ஏறிற்று. இலைகள் ஒவ்வொன்றாக முறிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டின மாதிரி தொங்கின. அப்புறம் தண்டு வெடித்தது. மேற்கு மூலையில் ஆரம்பித்து, தீப்பிடித்த மாதிரி நகர்ந்து நகர்ந்து வந்தது. கொஞ்ச நாளில் ஆற்றங்கரை ஊர்கள் ஒவ்வொன்றிலும் இதே ஓலம். வாடல் நோய் என்று ஆபீசர்கள் சொன்னார்கள். மருந்து கிடையாதாம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. ஒரு இலைகூட ஓரம் மாறவில்லை. 

அன்றைக்குக் காலையில் நான் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். சிவனணைஞ்சான் அந்தக் கரையில் நின்று பார்த்தான். பார்த்துவிட்டு, கூட இருந்த ஆட்களுக்குக் கேட்கிற மாதிரி, "என்னத்தான், தோட்டத்துக்கு மஞ்சத் தண்ணியா ஊத்தியிருக்கீரு? சடங்கு என்னைக்குன்னு சொல்லும், சீரோட வந்திருதேன்" என்றான்.

வருத்தத்தில் இருக்கிறவனைச் சிரிக்க வைக்கப் பார்த்தானாம். செண்பகவடிவு அப்படித்தான் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "என் தோட்டத்துல பாதிய எடுத்துக்கிட்டு பயிர் வையும் அத்தான்" என்றும் சொன்னான். எப்படி இருக்கிறது பாருங்கள் திமிர்! அவன் போட்ட பிச்சையில் நான் வாழை வைக்கவா?

அந்த வருசக் கொடைக்குக் கோயில் வாசலில் கட்ட என்னிடம் உருப்படியான மரம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வாய்க்காலைத் தாண்டிப் போனார்கள். அவன் மரத்தைக் கட்டினார்கள். தீபாராதனை காட்டினதும் பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பழக்க தோசம். நானும் கையை நீட்டிவிட்டேன் தம்பி. நீட்டின பிறகு ஞாபகம் வந்து அவர் அந்தப் பக்கம் திரும்பினார். நீட்டின கையை என்ன செய்வது? காதைச் சொறிந்துகொண்டேன்.

அன்றைக்குத் தீர்மானித்தேன். இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று உலகத்துக்குக் காட்டுவேன். கொண்டு வந்தவனை ஊர் நடுவில் நிறுத்துவேன். என் வாசலை நான் திரும்ப வாங்குவேன்.

ஏறாத ஆபீஸ் இல்லை. கடைசியில் ஒரு பெண்ணைப் பிடித்தேன். ஜெபமலர் என்று பெயர், நாசரேத்துப் பக்கம். பயிர் நோய்களைப் படித்துப் பெரிய பட்டம் வாங்கினவள். வாழை நோய் எந்தத் தேசத்திலிருந்து எந்தத் தேசத்துக்குப் போயிற்று என்று பார்ப்பதே அவளுக்கு வேலை. ஜீப்பில் வந்து இறங்கினாள். தோட்டத்துக்குள் காலை வைக்குமுன் ஏதோ மருந்துத் தண்ணீரில் பூட்ஸைக் கழுவினாள். சரி, கோயிலுக்குள் போகும்போது நாமும் கால் கழுவுகிறோம். வெளியே வரும்போதும் கழுவினாள்!

"ஏம்மா, எங்க மண்ணு ஒட்டினா தீட்டா?" என்றேன்.

"செருப்புல ஒட்டுற மண்ணு போதும் தாத்தா, இன்னொரு ஊருக்குப் போயிரும். அப்புறம் அந்த மண்ணை விட்டு எத்தனையோ வருசத்துக்குப் போவாது" என்றாள்.

படித்த பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது சொல்லும்.

வாடின மரத்தின் கிழங்கை அரிவாளால் பிளந்து காட்டினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய கிழங்கில் செம்பழுப்பாக வட்டம் வட்டமாகப் புள்ளி. "இது ஒரு பூஞ்சை தாத்தா. இதுக்கும் வம்சம் உண்டு. ஊர் ஊரா எடுத்து, அதுக்கு உள்ள எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாத்தா, எது அம்மை, எது பிள்ளை, எது எங்கேர்ந்து புறப்பட்டுச்சுன்னு கண்டுபிடிச்சிரலாம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எந்த வழியை அடைக்கணும்னு தெரியும்."

"சாதகம் மாதிரி?"

"ஏறக்குறைய."

"அப்போ சிவனணைஞ்சான்னு பேரு அதுல வருமா?"

"ஆள் பேரு வராது தாத்தா. ஊர் பேரு வரும்."

"ஊர் வந்தாப் போதும்மா. ஆளை நான் பாத்துக்கிடுதேன்."

அவளை நானே ஊர் ஊராகக் கூட்டிப் போனேன். யார் வீட்டில் எந்த மூலையில் வாழை நிற்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவள் கிழங்கில் துண்டு துண்டாக அரிந்து குப்பியில் போட்டுக்கொண்டாள். கடைசியில் சிவனணைஞ்சான் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். பிளந்து பார்த்தாள். வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. பாலாடை மாதிரி வெள்ளை.

"இந்த ஒரு தோட்டந்தான் சுத்தமா இருக்கு" என்றாள்.

"ஆமாம்மா, எல்லா வீட்டுலயும் களவு போயி, ஒரே ஒரு வீட்டுல மட்டும் போவலேன்னா, களவாணி யாரும்மா?" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்தக் கோணத்தில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

முடிவு வந்த அன்று, கோயில் மண்டபத்தில் ஊர் கூடிற்று. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். நான் புதுவேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். சிவனணைஞ்சான் தூணோரமாக நின்றான். ஜெபமலர் சுவரில் ஆற்றங்கரை முழுக்க வரைந்த படத்தைத் தொங்கவிட்டாள். நோய் வந்த இடத்துக்கெல்லாம் சிவப்புப் பொட்டு.

"முதல்ல தண்ணியில போயிருக்கும்னு நினைச்சோம். ஆனா ஆத்துக்கு மேல்பக்கமும் போயிருக்கு. காத்தும் இல்ல. வண்டிப்பாதையும் இல்ல. எல்லா ஊருலயும் நோய் தோட்டத்துல ஆரம்பிக்கல. வீட்டுக்குப் பின்னால, அடுப்படித் தண்ணி போற இடத்துல ஆரம்பிச்சிருக்கு. அதுதான் எங்களுக்குப் புரியல" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது! ஒவ்வொரு சிவப்புப் பொட்டும் நான் வாழை தந்த வீடு. ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

"ஏ, பாருங்கப்பா! நல்லாப் பாருங்க! நான் எங்கெங்க வாழை குடுத்தேனோ, அங்கல்லாம் வந்திருக்கு! என் பின்னாலயே வந்திருக்கான்யா! நான் குடுத்த ஒவ்வொரு வீட்டையும் தேடித் தேடிப் போயிருக்கான்!"

நான் கத்தின கத்தில், அதுவரை இரைந்துகொண்டிருந்த மின்விசிறிகூட நின்றது. சத்தியமாக நின்றது. பின்வரிசையிலிருந்து மாடத்தி எழுந்தாள். தென்கரைக்காரி. மகள் கல்யாணத்துக்கு என்னிடம் மரம் வாங்கினவள்.

"அண்ணாச்சி, எம் மவ நட்டதும் நீரு தந்த கன்னுதானே?"

"ஆமா தாயி."

"அதுதான் முதல்ல வாடுச்சு அண்ணாச்சி. அப்புறந்தான் எங்க தோட்டம் போச்சு. கடன் வாங்கி வச்ச தோட்டம்." இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றி சொல்ல வந்தவளுக்குத் துக்கத்தில் வார்த்தை வரவில்லை.

ஜெபமலர் மெதுவாகச் சொன்னாள். "இந்தப் பொட்டுக்கெல்லாம் அம்மை வீடு பலவேசம் தாத்தா தோட்டத்து மேற்கு மூலை. அங்கேர்ந்துதான் எல்லா ஊருக்கும் போயிருக்கு."

"பின்னே? எங்கேர்ந்து போவும்? என் வாழை போவாத ஊரு உண்டா?" என்றேன்.

"அந்த மூலைக்கு எப்படி வந்துச்சுன்னும் பாத்தோம். இந்த வம்சம் இந்தப் பக்கத்துது இல்ல. வேற ஒரே ஒரு இடத்துலதான் இதே வம்சம் இருக்கு. மேற்க, மலை மேல. மஞ்சப்பாறைன்னு ஒரு ஊரு."

சிவனணைஞ்சான் தூணைவிட்டு நகர்ந்து வந்தான். "மஞ்சப்பாறையா? அங்கேர்ந்து நான் ஒரு கன்னு கொண்டாந்தேனேம்மா. ஆனா முளைச்சது சேனையால்லா?"

ஊர் கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஏன் என்று தெரியவில்லை. 

"கேட்டீங்களா! அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்! கொண்டாந்தது அவன்!" என்று நான் மேல்துண்டை உதறிப் போட்டேன்.

ஊர்ப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "கொண்டாந்தது சரி. அந்தக் கன்னு எங்கவே போச்சு?"

"அதை அந்தச் சேனைக்கிட்ட கேளும்!"

இதற்கு யாருமே சிரிக்கவில்லை. நல்ல பதில்தான், இல்லையா? பெண்கள் பக்கமிருந்து செண்பகவடிவு எழுந்து வெளியே போனாள். அவளுக்குக் கூட்டத்தில் புழுக்கம் ஒத்துக்கொள்ளாது. சிவனணைஞ்சான் அவள் போவதைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். விறுவிறுவென்று அக்காள் பின்னாலேயே வெளியே போனான். அங்கேயே நிற்க வேண்டுமே? கள்ளன் எப்படி நிற்பான்!

அந்தப் பெண் பாடம் நடத்துகிற மாதிரி இன்னும் என்னென்னவோ சொன்னாள். ஊரும் தலையாட்டிற்று. முடிவு என்ன தெரியுமா? கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ கிழங்கோடு மரம் தரக்கூடாது, வெட்டின தண்டுதான் கட்ட வேண்டும். அதுவும் சிவனணைஞ்சான் தோட்டத்துத் தண்டு. என் தோட்டத்தைக் கிழங்கோடு பெயர்த்துக் கொளுத்த வேண்டும், சுண்ணாம்பு போட வேண்டும், என் ஆயுசுக்கும் அங்கே வாழை வைக்கக்கூடாது. என் வழக்கம், என் வாசல், என் திருநீறு, எல்லாம் ஒரு பகலில் போயிற்று. நான் கூட்டி வந்த பெண் என் வீட்டு மோரைக் குடித்துவிட்டு எனக்கே குழி தோண்டினாள். அவளையும் அவன் தேன் பேசி வளைத்திருப்பான்.

என் தோட்டம் எரிந்தது தம்பி. புகை வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று. அந்தக் கரையில் நின்று அவன் கண்ணைத் துடைத்தான். புகைக்கு என்று நினைப்பீர்கள். சந்தோசம்!

செண்பகவடிவு அன்றையிலிருந்து என்னிடம் சோறு வேண்டுமா, வெந்நீர் வேண்டுமா, இவ்வளவுதான். முந்தாநாளே கிளம்பித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நாளைக்குக் கல்யாணம் சிவனணைஞ்சான் மகன் நயினாருக்கு. அவளுக்கு அவன் தம்பி மகன் மட்டுமில்லை. பால்குடி மறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் கிடப்பான். அவள் இடுப்பில்தான் வளர்ந்தான். என்னை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு தோளில் ஏறி, தொங்குகிற வாழைப்பூவைப் பிய்த்துத் தேன் குடிப்பான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் இனி அவன் பெயருக்குத்தான். சரி, அது வேறு கதை.

பஸ் நகர்கிறதா? ஆமாம், லாரியை இழுத்துவிட்டார்கள். சீக்கிரம் முடிக்கிறேன்.

சாக்கில் என்ன என்று கேட்டீர்களே. ஊர்க்காரர்கள் தோட்டத்தைத்தான் கொளுத்தினார்கள். என் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் வந்து பார்த்தார்களா? செண்பகவடிவு பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு மரம் நின்றது. மஞ்சப்பாறை வம்சம். அதில் இரண்டு கன்று, கிழங்கோடு, மண்ணோடு. இலையைப் பாருங்கள், என்ன தளதளப்பு! ஓரத்தில் லேசாக மஞ்சள் தெரிகிறதா? சாக்குக்குள் வெக்கை, அதனால் இருக்கும்.

இப்போதெல்லாம் கல்யாணத்தில் மரக்கன்று கொடுப்பதுதான் நாகரிகம். மேடைப் பக்கம் பரிசுகளைக் குவித்து வைப்பார்கள். அதில் இதை வைத்துவிடுவேன், பெயர் எழுதாமல். பெண் திசையன்விளைக்காரி. கிணற்றுத் தண்ணீரும் தேரிக்காட்டுச் செம்மணலும் பார்த்து வளர்ந்தவள், இந்த ஊர்ச் சண்டை எதுவும் தெரியாது. புதுப்பெண் தன் கையால் வாழைக்கன்று நடுவது நம் ஆற்றங்கரை வழக்கம் என்று பந்தியில் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லாமலா போவார்கள்? யாரும் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அப்புறம் வேடிக்கையைப் பாருங்கள். அந்தப் படித்த பெண் சொன்னது பொய் என்றால், இது வளர்ந்து குலை தள்ளும். ஊரே வந்து மூக்கில் விரலை வைக்கும். அப்போது எழுந்து சொல்வேன், "இது பலவேசம் கோழிக்கூடுவே, திருப்பிக் குடுங்க என் வாசலை!" அவள் சொன்னது நிசம் என்றால், அவன் மஞ்சப்பாறையிலிருந்து கொண்டு வந்த சரக்கு, சுற்றிச் சுற்றி அவன் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. அதுதானே நியாயம்? எப்படிப் பார்த்தாலும் ஜெயிப்பது நான். குலை தள்ளினால் என் வாழை. வாடினால் நான் யாரோ, எவனோ.

இந்தா, திருச்செந்தூர் வந்துவிட்டது. சாக்கை இறக்க ஒரு கை பிடியுங்கள் தம்பி. கீழே தாங்கிப் பிடியுங்கள், கிழங்கு கனம். மெதுவாக, மெதுவாக. அடடா, சட்டையிலும் வேட்டியிலும் மண் அப்பிக்கொண்டதே! தட்டாதீர்கள், ஈர மண், தட்டினால் பரவும். காயட்டும். ஊருக்குப் போய்த் துவைத்துக்கொள்ளுங்கள். துவைத்த தண்ணீரை வீணாக்காமல் கொல்லையில் நிற்கிற வாழைக்கு ஊற்றிவிடுங்கள். ராசியான மண்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிச் சிரியுங்கள். ஆனால் அந்தச் சேனைக்கிழங்கு விசயத்தைச் சொன்னது யார் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். யாராவது நெருக்கிக் கேட்டால், பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.